மூன்று விளக்குக் கம்பங்களும் ஒரு பதிலும்

“பஸ் ஸ்டாப்புக்கும் கால்வாய்ப் பாலத்துக்கும் நடுவுல மூணு கம்பம் இருக்கு. ஒண்ணுலயும் லைட் எரியல. அதனால ஆறரைக்கு மேல நாங்க அந்த வழியா வர்றதில்ல, சுத்திப் போறோம்.”

ஓர் எக்செல் தாளில் இதைப் படித்தேன். சாலை, நடைபாதை தொடர்பான வரைவுத் திட்டம் ஒன்றுக்கு ஓர் உள்ளாட்சி அமைப்பு இணையம் வழியாகக் கருத்துக் கேட்டிருந்தது. இளைஞர்கள் நிறைய எழுத வேண்டும் என்று பள்ளி, கல்லூரிகளுக்கெல்லாம் இணைப்பை அனுப்பியிருந்தார்கள். வந்து குவிந்த கருத்துகளைத் தலைப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்த தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. எழுதியவள் ஒரு பெண், வயது 16. கம்பத்துக்கு ஒன்றாக வரைபடத்தில் மூன்று குறிகள் வைத்திருந்தாள். அந்த வரியின் கடைசிக் கட்டத்தை எனக்கு முன்பே அலுவலகத்தில் யாரோ நிரப்பியிருந்தார்கள்: ‘வரம்புக்கு வெளியே’.

அலுவலகக் கணக்கில் அது சரியான குறிப்புதான். திட்டம் சாலையின் அகலத்தையும் நடைபாதையையும் பற்றியது. தெருவிளக்கு வேறு பிரிவு, வேறு பொறியாளர், வேறு நிதித் தலைப்பு. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சாலை என்பது அகலமும் தளமும் வெளிச்சமும் சேர்ந்த ஒரே பொருள். எது எந்தப் பிரிவில் வரும் என்று அவள் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? அவள் சொன்னது வேறு எங்கும் கிடைக்காத தகவல். மாலைக்கு மேல் அந்த வழியில் பெண் பிள்ளைகள் நடப்பதில்லை என்பதை எந்தப் போக்குவரத்துக் கணக்கெடுப்பும் சொல்லியிருக்காது. கணக்கெடுப்பவர்கள் நடக்கிறவர்களைத்தான் எண்ணுவார்கள். சுற்றிப் போகிறவர்களை எண்ண அவர்களிடம் வழியே இல்லை.

இளைஞர் பங்கேற்பு என்று பேச்சு வந்தாலே செயலி, இணையதளம், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று போய்விடுகிறது. நான் பார்த்தவரை எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை எழுதியதை யார் படித்தார், எடுத்துக்கொண்டார்களா, எடுக்கவில்லை என்றால் ஏன் என்பதை அந்தப் பிள்ளைக்கே திருப்பிச் சொல்கிறார்களா? சொன்னால்தான் அதைப் பங்கேற்பு என்பேன். சொல்லாவிட்டால் அது வெறும் தகவல் சேகரிப்பு.

இந்தக் கவலை இணையத்துக்கு முந்தியது. 1969-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஷெரி ஆர்ன்ஸ்டைன், குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நான்காவது படிதான். கேட்டதோடு நிறுத்திக்கொண்டால் அது ஒப்புக்குச் செய்வது என்று அவர் சொன்னார். 1992-ல் ரோஜர் ஹார்ட் யுனிசெஃபுக்காக அந்த ஏணியைக் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் ஏற்றபடி மாற்றி எழுதினார். அதன் கீழ்ப்படிகளில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ‘அலங்காரம்’. எதற்காக என்று தெரியாமலேயே பிள்ளைகளுக்கு வாசகம் அச்சிட்ட டீ-சர்ட்டை மாட்டிவிட்டு நிகழ்ச்சியில் பாட வைப்பது, ஆட வைப்பது எல்லாம் அந்தப் படி. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1989-ல், ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 12-ஆவது பிரிவில், தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்றும் எழுதிவைத்துவிட்டது. சொல்ல விடுவது அதில் பாதி. மதிப்புத் தருவது மீதிப் பாதி. இணையம் வந்தபின் முதல் பாதி எளிதாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

அதுகூட எவ்வளவு எளிது என்று ஒரு நாள் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு 17 வயது. வேறொரு வரைவுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியோடு வந்து உட்கார்ந்தான். முதல் பக்கத்திலேயே வாக்காளர் அடையாள எண் கேட்டது. அவனிடம் ஏது? அப்பாவின் எண்ணைப் போட்டான். ஓடிபி அப்பாவின் கைப்பேசிக்குப் போனது. அப்பா வேலையில் இருந்தார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டு எண்ணை வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது முறையில் உள்ளே போனோம். வரைவு ஒரு பெரிய பிடிஎஃப். வரைபடங்கள் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தன. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, “அக்கா, இதுல நம்ம மைதானம் எங்க இருக்கு?” என்றான். இருவரும் தேடினோம். மைதானம் ‘திறந்தவெளி வகை 2’ என்ற பெயரில் பச்சைக் கோடுகளாக இருந்தது. அந்தக் கோடுகளுக்கு என்ன பொருள் என்பது வேறொரு பக்கத்தில்.

இதற்கு நடுவே அந்த மைதானத்தைப் பற்றி அவன் என்னிடம் கால் மணி நேரம் பேசியிருப்பான். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், சின்னப் பிள்ளைகள் எந்த நேரத்தில் வருவார்கள், பெரிய அணிகள் வந்தால் அவர்கள் எப்படி ஓரமாக ஒதுங்கிவிடுகிறார்கள், ஒரு பக்கம் வேலி போட்டால் இருவரும் ஒரே நேரத்தில் எப்படி விளையாடலாம் என்று எல்லாம் சொன்னான். கடைசியில் பெட்டிக்குள் அவன் தட்டியது இரண்டே சொற்கள்: ‘மைதானம் வேண்டும்’. களைத்துப் போயிருந்தான். எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பசங்க ஆழமா யோசிக்கிறதில்ல என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை.

படிவத்தை வடிவமைப்பவர்கள் ஒரு முறையாவது, பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்து, எதுவும் சொல்லிக் கொடுக்காமல், அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போதும்.

வேறு விதமாகவும் இதைச் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். வியட்நாமின் ஹனோய் நகரின் ஓரத்தில் கிம் சுங் என்ற பகுதியில் பதின்ம வயதுப் பெண்களிடம் பிடிஎஃப் கொடுக்கவில்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டைக் கொடுத்தார்கள். தங்கள் தெருக்களில் எங்கெங்கே பயமாக இருக்கிறது, என்ன மாறினால் பயம் போகும் என்பதை அவர்கள் கட்டைகளாக அடுக்கிக் காட்டினார்கள். 2012-ல் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பும் அந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தின் வழியில் நடந்த வேலை அது. விளையாட்டு என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. திட்ட வரைபடத்தைப் படிக்கப் பொறியாளருக்கே பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படுகிறது. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் வரைபடத்தைக் கொடுத்தால் அதுவும் பொறியாளர் மாதிரிப் பேசும்.

பதில் சொல்லும் விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஸ்பெயினின் பார்சிலோனாவை. 2016-ல் அந்த நகராட்சி தன் நான்காண்டுத் திட்டத்தை எழுதுவதற்காக ‘டெசிடிம்’ என்ற தளத்தைத் திறந்தது. அந்த ஊர் பேசும் கட்டலான் மொழியில் ‘நாம் முடிவு செய்வோம்’ என்று பொருள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. தளத்தில் மட்டும் வரவில்லை. தெருக் கூட்டங்களில் சொன்னவையும் அதே தளத்தில் பதிவாயின. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்த வேலை. ஒவ்வொரு யோசனைக்குப் பக்கத்திலும் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று போட்டார்கள், நிராகரித்தால் காரணத்தோடு. ஏற்றவை திட்டத்தில் எந்த வேலையாக மாறின, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பின்தொடர முடிந்தது. அந்த மென்பொருளைப் பொதுவில் இலவசமாகவும் வைத்துவிட்டார்கள். பல நாடுகளின் நகரங்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம், சரி. ஆயிரக்கணக்கான யோசனைகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதும் ஆட்களை எங்கிருந்தும் இறக்க முடியாது. அதற்கு நிதி ஒதுக்க வேண்டும், ஆள் போட வேண்டும். தளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிற எத்தனை இடங்களில் பதில் எழுதுகிறவருக்கு ஒரு பணியிடம் உருவாக்குகிறார்கள்?

மாட்ரிட் இதற்கு நேர் எதிரான பாடத்தைக் கொடுத்தது. 2015-ல் தொடங்கிய அதன் தளத்தில் யார் வேண்டுமானாலும் யோசனை வைக்கலாம். 16 வயதுக்கு மேற்பட்ட நகரவாசிகளில் ஒரு சதவீதத்தினர் ஆதரித்தால் அது பொது வாக்கெடுப்புக்குப் போகும். கேட்கும்போது நல்ல விதி. ஆயிரக்கணக்கான யோசனைகள் வந்தன. 2017 பிப்ரவரியில் முதல் வாக்கெடுப்பு நடந்தபோது அந்த ஒரு சதவீதக் கோட்டைத் தாண்டியிருந்தவை இரண்டே இரண்டு. கோட்டுக்குக் கீழே நின்றுபோன யோசனைகளை எழுதியவர்களில் எத்தனை இளைஞர்கள் அடுத்த முறையும் எழுத வந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். ஆதரவு திரட்ட ஆள்பலமோ ஊடகமோ இல்லாதவர்கள் அவர்கள்தானே.

பணத்தையே பிள்ளைகள் கையில் கொடுத்த ஊரும் இருக்கிறது. பங்கேற்பு பட்ஜெட் என்பது 1989-ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கிய முறை. நகராட்சி நிதியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்வார்கள். 2014-ல் பாஸ்டன் நகரம் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் மட்டுமே இதைத் தீர்மானிக்கலாம் என்றது. விதிகளை எழுதியதிலிருந்து இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது: பள்ளிகளுக்கு மடிக்கணினிகள், நடைபாதை, பூங்கா விளையாட்டுத் திடல். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் நகரின் பங்கேற்பு பட்ஜெட்டில் 12 வயதிலிருந்தே வாக்களிக்கலாம்.

கருவியின் வடிவமும் முக்கியம்தான், ஒரு காரணத்துக்காக. இணையத்தில் இளைஞர்கள், அதிலும் பெண்கள், பெயர் போட்டு எழுதினால் கீழே வந்து விழுகிற பேச்சு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு முறை அடிபட்ட பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் 2010-ல் தொடங்கிய தளத்தில் யோசனைக்குக் கீழே ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் என இரண்டு பத்திகள். ஒருவர் கருத்தின் அடியில் போய் நேரடியாகச் சண்டை போட இடமில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் எதிர்ப் பத்தியில் உங்கள் வாதத்தை எழுதலாம். தைவானில் 2015-ல் உபர் டாக்ஸிகளுக்கான விதிகளைப் பற்றிக் கேட்டபோது பயன்படுத்திய கருவியில் பதில் எழுதும் பொத்தானே கிடையாது. ஒரு வாக்கியத்தைப் படித்து ஒப்புக்கொள்கிறேன், இல்லை, கடந்துபோகிறேன் என்று தட்டலாம். வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம். எல்லாத் தரப்பும் எதில் ஒத்துப்போகிறது என்பது அப்போது மேலே வந்துவிடுகிறது.

எக்செல் தாளில் படித்த அந்தப் பெண்ணின் குறிகளைப் பற்றியும் எனக்கு இந்தக் கவலை இருந்தது. இந்த இடத்தில், இந்த நேரத்துக்குமேல் நாங்கள் பயப்படுகிறோம் என்று ஒரு பதினாறு வயதுப் பெண் வரைபடத்தில் குறித்தால், அதைப் பெயரோடும் பள்ளியோடும் பொதுவில் காட்டுவது ஆபத்து. திறந்த தரவு நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் போகும் பாதையும் நேரமும் எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

அடுத்தது காலம். நகரத் திட்டங்கள் ஐந்து ஆண்டுக்கு, பத்து ஆண்டுக்கு, சில சமயம் இருபது ஆண்டுக்குப் போடப்படுகின்றன. அந்த இருபதாவது ஆண்டில் அங்கே வாழப்போவது இன்றைக்கு வாக்கு இல்லாத பிள்ளைகள். ஆஸ்திரியா 2007-ல் வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைத்தது. எஸ்தோனியாவில் 2017 முதல் உள்ளாட்சித் தேர்தல்களில் 16 வயதிலேயே வாக்களிக்கிறார்கள். மற்ற இடங்களில் இந்த வயதுக்காரர்களுக்கு இருக்கிற வழிகளே சில, அவற்றில் இணையம் ஒன்று. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது மிக நீளம். தேர்வு மாதத்தில் கருத்துக் கேட்பை வைத்துவிட்டு இளைஞர்கள் வரவில்லை என்றால் எப்படி? இரண்டு வருடம் கழித்துப் பதில் போட்டால், அது போய்ச் சேரும்போது அந்தப் பிள்ளை வேறு ஊரில் இருக்கும். தைவான் அரசின் மனுத் தளத்தில் 60 நாளில் 5,000 பேர் ஆதரித்தால் அரசு பதில் சொல்லியாக வேண்டும். அது நாடு முழுவதற்குமான தளம், அளவே வேறு. ஆனால் பதில் சொல்வதை விதியாக்கலாம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். 2017-ல் ஒரு பள்ளி மாணவி ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாத்திரங்களுக்கு எதிராக அங்கே மனுப் போட்டாள். 2019 ஜூலையில் துரித உணவகங்கள் உட்படப் பல இடங்களில், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரா தருவது தடைசெய்யப்பட்டது.

கம்பங்களுக்கு வருகிறேன்.

தலைப்புவாரியான அறிக்கையை ஒப்படைத்த கூட்டத்தில் அந்த மூன்று வாக்கியங்களையும் வாசித்துக் காட்டினேன். மின் பிரிவிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த இளம் உதவிப் பொறியாளர் ஒருவர், “மேடம், அந்த இடம் எனக்குத் தெரியும். கம்பம் நட்டதோட சரி, கனெக்‌ஷன் குடுக்கல” என்றார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவரிடம், இதையே அந்தப் பெண்ணுக்கு எழுத முடியுமா என்று கேட்டேன். தயங்கினார். “எழுத்துல குடுத்துட்டா நாளைக்கு நம்மளைத்தான் வந்து கேப்பாங்க.”

அவர் பயம் நியாயமானது. உள்ளாட்சி அலுவலகங்களில் ஆள் குறைவு, வேலை அதிகம். எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற தானியங்கி மின்னஞ்சலில் அந்தப் பொறுப்பு இல்லை, அதனால்தான் எல்லா இடத்திலும் அதுவே போகிறது. வந்து கேட்கட்டும் என்பதுதானே நாம் விரும்புவது என்று அவரிடம் சொன்னேன். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் எழுதினார், மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி. நான்கே வரி. நடைபாதைக்காகப் பள்ளம் தோண்டும்போதே கேபிளும் போட்டு முதல் இரண்டு கம்பங்களுக்கு இணைப்புத் தரப்படும். அதனால் இந்தக் கோரிக்கை திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. கால்வாயை ஒட்டிய மூன்றாவது கம்பம் வேறு துறையின் நிலத்தில் இருப்பதால் இப்போது செய்ய இயலாது. அனுமதி கேட்டு அந்தத் துறைக்குக் கடிதம் அனுப்பியுள்ளோம். கடிதத்தின் எண்ணும் தேதியும் இவை. அந்த மூன்றாவது கம்பத்துக்கான ‘இயலாது’தான் எனக்கு மிகவும் பிடித்த வரி. ஏன் முடியாது, யாரிடம் நிற்கிறது, அடுத்து எங்கே கேட்க வேண்டும் என்று ஒரு பதினாறு வயதுப் பெண்ணை நம்பிச் சொல்லியிருந்தது அந்த வரி.

அடுத்த கூட்டத்துக்கு அவள் மூன்று தோழிகளோடு வந்தாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைப் பார்த்தேன். கைப்பேசியில் அந்தப் பதிலின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருந்தாள். “நெஜமாவே படிச்சிருக்காங்க அக்கா” என்றாள். தோழிகள் ஆளுக்கொரு விஷயத்தோடு வந்திருந்தார்கள். ஒருத்தி நூலக நேரத்தைப் பற்றி, இன்னொருத்தி சக்கர நாற்காலியில் போகும் தன் தம்பிக்காக நடைபாதையில் சரிவு வேண்டும் என்று. மூன்றாமவள் கேட்பதற்கு மட்டும் வந்தேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவள்தான் அதிகம் பேசினாள்.

இரண்டு கம்பங்கள் எரிகின்றன. இந்த வருடம் அவள் மேற்படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள். போவதற்கு முதல் நாள் என்னையும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இன்னொரு பிள்ளையையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, பழைய ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருந்தாள். கடித எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். கீழே ஒரு வரி: “கால்வாய்க் கம்பம் இன்னும் பாக்கி. மாசா மாசம் இந்த நம்பரைச் சொல்லிக் கேளு.”